ட்ரெட்மில்ல ஏன் போர் அடிக்குது, அதுக்கு என்ன பண்ணலாம்

ட்ரெட்மில்ல நடக்க போர் அடிக்குதுன்னு யார்கிட்ட சொன்னாலும் உடனே வர்ற பதில், "பாட்டு போட்டுக்கோ, இல்லன்னா சீரியல் பாத்துட்டே நட". சிலருக்கு அது வேலை செய்யுது, சிலருக்கு அஞ்சு நிமிஷம்கூட தாங்க மாட்டேங்குது, தாங்கலன்னதும் "எனக்கு மனசுல உறுதி இல்ல, நான் சோம்பேறி"ன்னு தங்களையே திட்டிக்கிட்டு மெஷின வித்துடறாங்க. எனக்கு இதை கேக்குறப்போ உண்மையிலேயே வருத்தமா இருக்கும். போர் அடிக்கிறதுக்கும் சோம்பேறித்தனத்துக்கும் சம்பந்தம் கிடையாது, அது நம்ம கவனம் வேலை செய்யுற விதத்துல இருந்து வருது. அதை புரிஞ்சுக்கிட்டா எப்ப பாட்டு உதவும், எப்ப உதவாதுன்னு நாமளே முடிவு பண்ணிக்கலாம். முதல் தடவையா மெஷின்ல கால் வைக்கப்போறவங்களுக்கும் புரியணும்னு தான் மெதுவா எழுதுறேன்.

## எங்க கராஜ்ல நடந்தது

எங்க அத்தைக்கு 61 வயசு. சுகர் இருக்குன்னு தெரிஞ்சப்போ கிளினிக்ல தினமும் அரை மணி நேரம் நடங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நாங்க இருக்குற தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஜூன் மாசம் சாயங்காலம் அஞ்சேகாலுக்கெல்லாம் இருட்டிடும், இருட்டுல தனியா ரோட்டுல நடக்க எங்க சாட்ஸ்வர்த் பக்கம் பொம்பளைங்க பயப்படுவாங்க, அதனால பழைய ட்ரெட்மில் ஒண்ணு வாங்கி கராஜ்ல போட்டோம். நாலாவது நாள் அத்தை ஏறல. ஏன்னு கேட்டா, "பத்து நிமிஷம் ஆயிருக்கும்னு நெனச்சு பாக்குறேன், மூணு நிமிஷம் நாப்பது செகண்டுன்னு காட்டுது பாப்பா, இந்த கணக்குல நான் எப்ப முடிக்கிறது?"

அடுத்த நாள் நான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தேன். அந்த நேரம் பாத்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருக்குற அவங்க தங்கச்சி வாட்ஸ்அப்ல கூப்பிட்டாங்க, நான் போனை ஸ்பீக்கர்ல போட்டு மெஷின் தட்டுல சாய்ச்சு வெச்சேன். ஆடி மாசம் கோயில்ல கூழ் ஊத்துறதுக்கு யாரு பானை கொண்டு வர்றது, போன வருஷம் யாரு சொல்லிட்டு வராம போனதுன்னு ரெண்டு பேரும் ஆரம்பிச்சாங்க. 22 நிமிஷம் போனதே தெரியல, அத்தை ஒரு தடவைகூட டிஸ்பிளே பக்கம் திரும்பல. அப்போ நான் மெதுவா இன்க்ளைன் பட்டனை, அதாவது பெல்ட்டை மேடு மாதிரி சாய்க்கிற பட்டனை அழுத்தி 6 வரைக்கும் ஏத்தினேன். ஒரு நிமிஷம் கூட இருக்காது, நீளமா வந்துட்டிருந்த பேச்சு "ம்"னு ஆச்சு, அப்புறம் "ஆமா, ஆமா"ன்னு ஆச்சு, அப்புறம் "நீ வெச்சுடு, நான் பொறவு கூப்பிடுறேன்"னு சொல்லிட்டு ரெண்டு கையாலயும் கம்பிய புடிச்சுக்கிட்டாங்க.

22 நிமிஷம் மறக்க வெச்ச அதே பேச்சு, மேடு ஏறினதும் தொந்தரவா மாறிடுச்சு. ஏன்னு தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும்.

## டாக்ஸி நிரம்புற வரைக்கும்

டவுன்ல வார்விக் ஜங்ஷன்ல மினிபஸ் டாக்ஸில ஏறி உக்காந்திருப்பீங்க. சீட் எல்லாம் நிரம்புனாதான் வண்டிய எடுப்பாங்க. நிக்கிற வண்டில உக்காந்திருக்குற 15 நிமிஷம், ஓடுற வண்டில போற அரை மணி நேரத்தை விட நீளமா தெரியும். ஓடுறப்போ ஜன்னல்ல கடை போகுது, பாலம் போகுது, யாரோ இறங்குறாங்க, கவனம் ஒவ்வொண்ணையா புடிச்சு விட்டுட்டே வருது. நிக்கிறப்போ புடிக்க எதுவும் இல்ல, அதனால "இன்னும் எத்தன சீட் காலி, மணி என்ன"ன்னு நேரத்து மேலயே போய் உக்காந்துக்குது. நேரத்தை கவனிக்க கவனிக்க நேரம் நீளும்.

கவனம்னு நான் சொல்றது, ஒரு நேரத்துல மூளை எதை முன்னாடி கொண்டு வந்து வெச்சிருக்கோ அது. அதுக்கு ஒரு அளவு உண்டு, எல்லாத்தையும் ஒரே நேரத்துல முன்னாடி வைக்க முடியாது. சலிப்புங்கறது, கவனம் எதையாவது புடிச்சுக்க ஆசைப்பட்டு, எதுவும் கிடைக்காம தவிக்கிற நிலை. கனடால டொரான்டோ யார்க் யூனிவர்சிட்டி சைக்காலஜிஸ்ட் ஜான் ஈஸ்ட்வுட்டும் அவர் கூட வேலை செஞ்சவங்களும் 2012ல சலிப்பை கிட்டத்தட்ட இப்படித்தான் விளக்குனாங்க. ஈடுபட ஆசை இருக்கு, ஈடுபட முடியல, அந்த தவிப்பு. பாருங்க, ஆசையே இல்லாதவனுக்கு போர் அடிக்காது. அதனாலதான் சோம்பேறின்னு சொல்றது தப்புன்னு நான் இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

ஒரே மாதிரி அடி எடுத்து வைக்கிறதுதான் காரணம்னு நெனச்சா, தைப்பூசத்தன்னைக்கு காவடி எடுக்குறவங்கள நெனச்சு பாருங்க. செருப்பு இல்லாம, தார் ரோடு கொதிக்கிற வெயில்ல, அதே அடியை ஆயிரக்கணக்கா வெக்கிறாங்க, யாராவது போர் அடிச்சுதுன்னு சொல்லி கேட்டிருக்கீங்களா? மேளம் இருக்கு, சுத்தி ஆளு இருக்கு, போய் சேர வேண்டிய சன்னதி இருக்கு, வேண்டுதல் இருக்கு. கவனத்துக்கு பஞ்சமே இல்ல.

இந்த மெஷினோட கதைய கேட்டாலும் இது புரியும். 1818ல இங்கிலாந்துல வில்லியம் க்யூபிட்ங்கற இன்ஜினியர், ஜெயில்ல இருக்குறவங்களுக்கு வேலை குடுக்க ஒரு பெரிய சக்கரத்தை செஞ்சார், படிக்கட்டு மாதிரி முடிவே இல்லாம ஏறிட்டே இருக்கணும். சில ஜெயில்ல பக்கத்துல ஏறுறவன் முகம்கூட தெரியக்கூடாதுன்னு நடுவுல பலகை தடுப்பு வெச்சாங்க. அமெரிக்கால இதை நேர்ல பாத்து எழுதின ஜேம்ஸ் ஹார்டி, கஷ்டத்தை விட அந்த ஒரே சீரான மாறாத தன்மைதான் கைதிகள பயமுறுத்துதுன்னு 1824லயே சொல்லிட்டார். நம்ம வீட்டு மெஷின் சொகமா நடக்க செஞ்சது, ஆனா கவனத்துக்கு ஒண்ணும் குடுக்காத அந்த குணம் மட்டும் அதுல அப்படியே இருக்கு.

இதுவரைக்கும் பாத்தது இவ்வளவுதான்: கவனத்துக்கு புடிமானம் இல்லன்னா அது கடிகாரத்துக்கு போகும், போனா நேரம் நீளும், அதுதான் போர்.

## மெஷின் நம்மகிட்ட இருந்து எதை எடுத்துடுது

எங்க ஊர் கடலோர நடைபாதைல நார்த் பீச்ல இருந்து உஷாகா பக்கம் நடந்தா கடல் ஒரு பக்கம், மணி கோத்த தலைப்பாகையோட ரிக்‌ஷாக்காரர் ஒரு பக்கம், சர்ஃப் போர்டை அக்குள்ல இடுக்கிக்கிட்டு பசங்க குறுக்க ஓடுவாங்க. நாம முன்னாடி போக போக பாக்குறதெல்லாம் பின்னாடி நகருது. இதுக்கு காட்சி ஓட்டம்னு பேரு வெச்சுக்கலாம். நாம நகர்றோமான்னு மூளை முடிவு பண்றதுக்கு இது முக்கியமான ஆதாரம். ட்ரெட்மில்ல கால் நடக்குது, சுவரு அப்படியே நிக்குது. கொஞ்ச நேரத்துல மூளை "கால் நடந்தாலும் இடம் மாறாது"ன்னு பழகிக்குது, அதனாலதான் மெஷின்ல இருந்து இறங்கின உடனே தரை நம்மள முன்னாடி தள்ளுற மாதிரி, வழக்கத்தை விட வேகமா போற மாதிரி ஒரு நிமிஷம் விசித்திரமா இருக்கும். பயப்பட ஒண்ணும் இல்ல, கம்பிய புடிச்சுக்கிட்டு நின்னா போயிடும்.

ரெண்டாவதா முடிவுகள். ரோட்டுல நடந்தா பள்ளம் இருக்கு, நாய் இருக்கு, கார் வருதான்னு பாக்கணும், நிழல் பக்கமா போலாமான்னு யோசிக்கணும், நமக்கே தெரியாம நிமிஷத்துக்கு பத்து சின்ன முடிவு எடுக்குறோம். மெஷின்ல ஸ்பீடு பட்டனை ஒரு தடவை அழுத்திட்டா அப்புறம் முடிவு பண்ண எதுவுமே இல்ல. மூணாவது, போய் சேர வேண்டிய இடம். கடை வரைக்கும், கோயில் வரைக்கும்னு ஒரு எல்லை இருக்காது, வெறும் நிமிஷம் மட்டும்தான்.

காட்சி, முடிவு, எல்லை. சீரியல் போட்டா இதுல காட்சி மட்டும்தான் திரும்ப கிடைக்குது, மத்த ரெண்டும் கிடைக்கல.

## எவ்வளவு உழைக்கிறோம்னு எப்படி தெரியும்

அத்தை விஷயத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு அளவுகோல் வேணும். ஸ்வீடன்ல குன்னர் போர்க்னு ஒரு சைக்காலஜிஸ்ட், உழைப்பை மெஷின் நம்பரால அளக்காம அவங்கவங்க உணர்றதால அளக்கலாம்னு 1960கள்லயே வேலை செஞ்சு ஒரு அளவு உருவாக்குனார். முதல்ல அது 6ல இருந்து 20 வரைக்கும், பொதுவா இதயம் சும்மா இருக்குறப்போ 60, முழு வேகத்துல 200 துடிப்புன்னு வெச்சு பத்தால வகுத்த மாதிரி. பின்னாடி அவரே இன்னொரு எளிய அளவும் குடுத்தார், 0ல இருந்து 10. நாம 10ஐயே வெச்சுக்கலாம். இதுக்கு உணர்ந்த உழைப்புன்னு பேரு.

நம்பர் சொல்ல வரலன்னா பேசி பாருங்க. பாட்டே பாட முடியுதுன்னா 2, 3. பேச முடியுது, பாட முடியலன்னா 4, 5. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குதுன்னா 7. "ம்" மட்டும்தான் வருதுன்னா அதுக்கும் மேல. பக்கத்து வீட்டுக்காரர் மெஷின்ல ஸ்பீடு 6 போட்டு ஓடுறார்னு நீங்களும் 6 போட வேண்டியதில்ல, அவருக்கு 3 மாதிரி இருக்குறது உங்களுக்கு 8 மாதிரி இருக்கலாம், ரெண்டுமே சரிதான்.

காலாலயும் ஒரு கணக்கு இருக்கு. நிமிஷத்துக்கு 100 அடி வெச்சா பெரியவங்க பெரும்பாலானவங்களுக்கு அது நடுத்தர உழைப்பு. 15 செகண்ட் எண்ணுங்க, 25 அடி வந்தா போதும்.

## கவனத்துக்கு ரெண்டு வாசல்

இப்பதான் நடு விஷயம். நடக்குறப்போ கவனத்தை வெளிய அனுப்பலாம், பேச்சு, பாட்டு, சீரியல், ஜன்னல். இல்ல உள்ள திருப்பலாம், மூச்சு, கால் விழுற சத்தம், தோள் இறுகி இருக்கா தளர்ந்து இருக்கான்னு பாக்குறது. அமெரிக்கால வில்லியம் மார்கனும் மைக்கேல் பொல்லாக்கும் 1977ல மராத்தான் ஓடுறவங்கள கேட்டு பாத்தப்போ, சாதாரணமா ஓடுறவங்க பலபேர் மனசை வேற எங்கயோ அனுப்பிட்டு ஓடுனாங்க, உச்சத்துல இருந்த வீரர்கள் பெரும்பாலும் உடம்பையே கவனிச்சுட்டு ஓடுனாங்க.

எது நல்லதுன்னு கேக்குறதை விட, எந்த உழைப்புல எதுன்னு கேக்கணும். கல்யாணத்துல கெட்டிமேளம் கொட்டுறப்போ பக்கத்துல உக்காந்திருக்குற பெரியம்மா என்ன சொல்றாங்கன்னு காதுல விழுமா? உடம்பும் அப்படித்தான். உழைப்பு 3, 4ல இருக்குறப்போ மூச்சும் தொடையும் அனுப்புற சேதி மெல்லிசா இருக்கும், பேச்சோ பாட்டோ அதை சுலபமா மூடிடும். 7க்கு மேல போனா உடம்பே கெட்டிமேளம் கொட்ட ஆரம்பிச்சிடும், அப்ப சீரியல்ல யாரு யார அறைஞ்சாலும் நம்ம கவனத்துக்கு வராது. அத்தை "போனை வை"ன்னு சொன்னது அந்த நிமிஷம்தான். பேச்சு மேல வெறுப்பு வந்து சொல்லல, அதுக்கு குடுக்க கவனம் மிச்சம் இல்ல.

அதனால சுலபமா நடக்குற நாள்ல கவனத்தை வெளிய விடுங்க. அக்காவுக்கு போன் பண்ணுங்க, சீரியலை ட்ரெட்மில்லுக்குன்னே ஒதுக்கி வெச்சு சோபால உக்காந்து பாக்குறதில்லன்னு வெச்சுக்கோங்க, நிமிஷத்துக்கு 110, 120 தாளம் வர்ற பாட்டா எடுங்க, வேகமா நடக்குற கால் தானா அதோட சேந்துக்கும். கஷ்டமா போற நாள்ல உள்ள திருப்புங்க, 40 அடி எண்ணுங்க, எண்ணி முடிச்சு திரும்ப எண்ணுங்க, நாலு அடிக்கு மூச்சு இழுத்து நாலு அடிக்கு விட முடியுதான்னு பாருங்க. கஷ்டமான வேகத்துல பாட்டு உழைப்பை குறைச்சு காட்டாது, ஆனா அந்த நேரத்தை கொஞ்சம் இனிமையாக்கும், அதனால அணைச்சே தீரணும்னு இல்ல.

சுருக்கமா: சுலபம்னா வெளிய, கஷ்டம்னா உள்ள. தப்பான வாசல்ல அனுப்புனா ரெண்டுலயும் போர் அடிக்கும்.

## இன்க்ளைன் தான் உண்மையான பட்டன்

போர் அடிச்சா எல்லாரும் ஸ்பீடை ஏத்துறாங்க. முட்டி வலி இருக்குறவங்களுக்கும் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கும் வேகத்தை விட மேடு நல்லது, நடந்துட்டே உழைப்பை மாத்தலாம். இன்க்ளைன் 5னு காட்டுனா 5 சதவீதம், அதாவது 100 மீட்டர் தூரம் போனா 5 மீட்டர் உயரம் ஏறுன மாதிரி. எண் சின்னது, வேலை பெருசு. வழக்கமா போடுற கணக்குல, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல சமதளத்துல ஆகுற சக்தியை விட 5 சதவீத மேட்டுல ஏறக்குறைய 1.6 மடங்கு ஆகும், 10 சதவீதத்துல ரெண்டு மடங்குக்கும் மேல. அத்தைக்கு 4 கிலோமீட்டர் வேகத்துல நான் 6 போட்டப்போ ஒரே நிமிஷத்துல 1.7 மடங்கு வேலை வெச்சுட்டேன், அது தெரிஞ்சிருந்தா மெதுவா ஏத்தியிருப்பேன்.

ஒண்ணு கவனிங்க, கம்பிய புடிச்சு பின்னாடி சாஞ்சு நடந்தா இந்த கணக்கு எதுவும் செல்லாது, உடம்பு பாரத்தை கை தாங்கிக்குது. மேடு ஏறணும்னா கை விட முடியுற அளவுக்கு மட்டும் ஏத்துங்க, தடுமாற்றம் இருக்குறவங்க விரலால தொட்டுக்கிட்டா போதும். எப்பவும் 1 சதவீதம் வெச்சாதான் வெளிய ஓடுற மாதிரின்னு ஒரு பேச்சு சுத்துது, அது 1996ல வேகமா ஓடுறவங்கள வெச்சு செஞ்ச ஆராய்ச்சில இருந்து வந்தது, காத்து எதிர்ப்பை ஈடு கட்டுறதுக்கு. நடக்குறவங்களுக்கு அது தேவையே இல்ல.

## அஞ்சு மலை

எங்க ஊர்ல ஜூன் மாசம்னா காம்ரேட்ஸ். 1921ல ஆரம்பிச்ச ஓட்டம், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல ஏறக்குறைய 90 கிலோமீட்டர், ஒரு வருஷம் மேல ஏறுவாங்க, பெரும்பாலும் அடுத்த வருஷம் கீழ இறங்குவாங்க, 12 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் டிவி முன்னாடி உக்காந்து பாக்குற வீடு எவ்வளவோ இருக்கு. ஓடினவங்க கதை சொல்றப்போ கேளுங்க, 90 கிலோமீட்டர்னு சொல்லவே மாட்டாங்க, "ஃபீல்ட்ஸ் ஹில் தாண்டிட்டேன், இன்ச்சாங்கால நடந்துட்டேன்"னு மலை மலையாதான் சொல்லுவாங்க. அவ்வளவு பெரிய தூரத்தை மனசு அப்படித்தான் தாங்குது.

அதையே நான் மெஷினுக்கு கொண்டு வந்தேன், அந்த வழில வர்ற அஞ்சு மலையோட பேரையும் வெச்சு. கஷ்டமும் ஓய்வும் மாறி மாறி வர்ற மாதிரி நேரத்தை வெட்டி வெக்கிறதுக்கு இன்டர்வல்னு பேரு. முதல்ல 5 நிமிஷம் சமதளத்துல மெதுவா. அப்புறம் கவீஸ் ஹில் 3 நிமிஷம், இன்க்ளைன் 2. ரெண்டு நிமிஷம் சமதளம். ஃபீல்ட்ஸ் ஹில் 3 நிமிஷம், இன்க்ளைன் 4. ரெண்டு நிமிஷம் சமதளம். போத்தாஸ் ஹில் இன்க்ளைன் 3, இன்ச்சாங்கா இன்க்ளைன் 4, ரெண்டும் மூணு மூணு நிமிஷம், ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் அதே ரெண்டு நிமிஷம் சமதளம். கடைசியா பாலி ஷார்ட்ஸ் 3 நிமிஷம், இன்க்ளைன் 6. மேட்டை இறக்கிட்டு சமதளத்துல மெதுவா 5 நிமிஷம். மொத்தம் 33 நிமிஷம். இன்க்ளைன் எண்கள் நானா வெச்சது, உண்மையான மலையோட சரிவு இல்ல, உங்க உணர்ந்த உழைப்பு மலைல 6, 7க்கு மேல போகாத மாதிரி மாத்திக்கோங்க.

இதுல என்ன நடக்குதுன்னு பாருங்க. மூணு நிமிஷத்துக்கு ஒரு எல்லை வந்துடுச்சு. ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை பட்டனை தொட்டு முடிவு எடுக்கணும். மலைல கவனம் உள்ள போகுது, சமதளத்துல வெளிய வருது, அதுக்கு பாட்டும் பேச்சும் சமதளத்துக்குன்னு காத்துட்டிருக்கு. மெஷின் எடுத்துட்டு போனதுல ரெண்டை நாம திருப்பி வாங்கிட்டோம்.

## மறக்கக்கூடாத சில்லறை விஷயம்

டிஸ்பிளே மேல துண்டை போட்டு மூடுறது சின்னப்புள்ளத்தனமா தெரியும், ஆனா நல்லாவே வேலை செய்யும், கடிகாரம் கண்ணுல படலன்னா கவனம் அங்க போகாது. மலை மாத்துற நேரத்தை போன் அலாரம் சொல்லட்டும்.

மெஷினோட வர்ற சிவப்பு கிளிப்பை சட்டைல மாட்டுங்க, தடுமாறி விழுந்தா அது பெல்ட்டை நிறுத்திடும். கரண்ட் விஷயத்தையும் பாத்துக்கோங்க. லோட் ஷெடிங், அதாவது இங்க முறை வெச்சு கரண்டை நிறுத்துறது, 2023ல ஸ்டேஜ் 6ங்கற மோசமான கட்டம் வரைக்கும் போனப்போ எங்களுக்கு நல்லா பாடம் ஆச்சு, கரண்ட் போனா பெல்ட் நின்னுடும், உடம்பு முன்னாடி போகும். உங்க ஊர்ல கரண்ட் கட் ஷெட்யூல் இருந்தா பாத்து ஏறுங்க, கரண்ட் போக பத்து நிமிஷம் இருக்குன்னா இறங்கிடுங்க. சுகர் இருக்குறவங்க வெறும் காலோட ஏறவே கூடாது, பாதத்துல புண்ணு வந்தா தெரியாமலே போயிடும், மாத்திரையோ ஊசியோ எடுக்குறவங்க எந்த நேரத்துல நடக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் நடுத்தர உழைப்பு சொல்லுது, அதை ஒரே மூச்சுல செய்யணும்னு இல்ல, பத்து பத்து நிமிஷமா சேத்தாலும் கணக்குதான்.

அத்தை இப்போ வாரத்துல ரெண்டு நாள் மலை ஏறுறாங்க, மத்த நாள் தங்கச்சியோட பேசிட்டே நடக்குறாங்க. மலையோட பேரையும் நம்பரையும் பேப்பர்ல எழுதி கராஜ் சுவத்துல ஒட்டியிருக்கோம். நேத்து பாத்தேன், பாலி ஷார்ட்ஸ்க்கு நேரா நான் போட்டிருந்த 6ஐ அடிச்சுட்டு 5னு எழுதியிருக்காங்க, பக்கத்துல பென்சில்ல சின்னதா, "புரட்டாசி முடியட்டும், 7".